வாய் கொப்புளித்துவிட்டு வா

1

போன மாதம் என் மீது ஒரு புகார் பதிவானது. வார்டில், நோயாளிகள் முன்னால், ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில், உரத்த குரலில் சக ஊழியரைத் திட்டினேன் என்பது குற்றச்சாட்டு. அத்தனையும் உண்மை.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. திட்டு வாங்கியவள் கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன பெண். எண்பது வயதுக் கிழவர் ஒருவருக்கு உடல் சூடு பார்த்தாள். கருவி முப்பத்தைந்து புள்ளி நான்கு என்று காட்டியது. நம் ஊர்க் கணக்கில் தொண்ணூற்றாறுக்கும் கீழே. "காய்ச்சல் இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். கிழவரோ மூச்சு வாங்கிக்கொண்டு, எப்போதோ செத்துப்போன தன் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தக் கண்ணுல பார்த்து காய்ச்சல் இல்லைன்னு எழுதுனே? அந்த மனுசன் செத்துட்டு இருக்காரு, தெரியலையா உனக்கு?" என்று கத்தினேன். கூடவே எங்கள் கோத்தகிரி மலையில் மட்டும் புழங்கும் இரண்டு வார்த்தைகளும் வந்து விழுந்தன. நல்லவேளை, அவற்றை மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை.

கிழவர் பிழைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் ஏற்றி, சலைன் போட்டோம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தமிழைப் பற்றித்தான் விசாரணை. நடந்ததை எண்ணிப் பார்த்து ஐநூறு வார்த்தைகளில் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். குரலை உயர்த்தியதற்கு வருந்துகிறேன், இனி ஆங்கிலத்திலேயே பதற்றப்படுவேன் என்ற அர்த்தத்தில் அழகாக வந்திருந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

உண்மையில் நான் எண்ணிப் பார்த்தது அதில் ஒரு வரிகூட இல்லை. அதை இங்கே, தமிழில், எங்கள் மலைக்காரர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீடு. அப்பா கோயம்புத்தூரிலிருந்து பிழைக்க வந்து, ஒரு தேயிலை பேக்டரியில் கிளார்க்காக இருந்தார். நான் நர்ஸிங் முடித்த நேரம் பார்த்துத்தான் பச்சைத் தேயிலை விலை படுத்தது. கொழுந்து பறித்துக் கொண்டுபோனால் வண்டிக்கூலிக்கும் கட்டாது என்று சின்ன விவசாயிகள் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றன. பேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பாவின் பேக்டரியும் மூடியது. கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை இருக்கிறது என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது.

டிஸ்பென்சரி என்றால் ஒரே ஒரு அறை. வெளியே ஒரு தண்ணீர்க் குழாய். வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த டாக்டரை மாதம் இரண்டு நாள் என்று குறைத்துவிட்டார்கள். கம்பவுண்டர் ஓய்வு பெற்ற இடம் காலி. ஆக, முன்னூறு சொச்சம் தொழிலாளிகளுக்கு நான் ஒருத்திதான்.

உடம்பு முடியாதவர்கள் காலைப் பெரட்டுக்கு முன்னால், அதாவது ஆள் கணக்கெடுக்கும் முன்னால், என்னிடம் வர வேண்டும். தெர்மாமீட்டர் நூறு டிகிரி காட்டினால் சிக் சிட்டு கொடுப்பேன். அன்று லீவு. காட்டாவிட்டால் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். சிட்டு இல்லாமல் மூன்று நாள் வராதவர்கள் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். நஷ்டக் காலம் அல்லவா, யார் பெயரை அடிக்கலாம் என்று ஆபீஸில் காத்துக்கொண்டிருந்தார்கள். நூறு என்ற கணக்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. மேனேஜர் வைத்த கணக்கு.

பெண்கள் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். சூடான சாயாவை வாயில் வைத்திருந்து, டிஸ்பென்சரி வாசலில் விழுங்கிவிட்டு வருவார்கள். தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டும். முதுகு வலிக்கு லீவு கிடையாது, மாதவிலக்குக்குக் கிடையாது, பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் கிடையாது. சாயாவை நம்பாமல் வேறு எதை நம்புவார்கள்? இன்று எனக்கு இது விளங்குகிறது. அன்று என்னை ஏமாற்றுகிறார்கள் என்று மட்டும்தான் பட்டது.

நான் ஒரு யுக்தி செய்தேன். "குழாயில வாய் கொப்புளிச்சுட்டு வாங்க" என்று எல்லோரையும் அனுப்ப ஆரம்பித்தேன். பனி விழும் காலையில் அந்தத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். கொப்புளித்துவிட்டு வந்தால் நூற்றொன்று தொண்ணூற்றெட்டாகிவிடும். சிட்டு பாதியாகக் குறைந்தது. மேனேஜர் மற்ற எஸ்டேட்காரர்களிடம் பெருமையாகச் சொன்னாராம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு.

3

காமாட்சியக்கா சிலோனிலிருந்து வந்த குடும்பம். பதுளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. கவாத்து வெட்டிய செடியின் கட்டை அவர் கெண்டைக்காலில் குத்திவிட்டது. மருந்து வைத்துக் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை கணவர் ராமையா அவரைத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிவந்தார்.

வழக்கம்போல வாய் கொப்புளிக்கச் சொன்னேன். அவரால் குனிய முடியவில்லை. ராமையா கையில் தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றினார். தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறைக்கூடத் தொடவில்லை. குளிர்ந்த தண்ணீர்தான் காரணம் என்று பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். அதே அளவு. தை மாதப் பனியில் நடந்து வந்தால் உடம்பு சில்லென்று இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன். நாடி வேகமாக ஓடியது. மேடேறி வந்திருக்கிறார் அல்லவா? மூச்சு வாங்கியது. அதற்கும் மேடுதான். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

"மிஸ்ஸி, இவளுக்கு ஒண்ணும் ஏலாது" என்றார் ராமையா. சிலோன்காரர்கள் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வெள்ளெனயிருந்து என்னென்னமோ பேசுறா. பதுளையில இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு அவுங்கம்மா கூடையைத் தேடுறா. இவ இப்பிடி இருக்கவே மாட்டா மிஸ்ஸி."

நான் சிரித்தேன். "பொறந்த ஊரு நெனப்பு வந்திருச்சாட்ட இருக்குது" என்றேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. புண்ணுக்குப் புதுக் கட்டு போட்டு, இரண்டு மாத்திரை கொடுத்து, பதிவேட்டில் "காய்ச்சல் இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினேன். காமாட்சியக்கா மலைக்குப் போனார். ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை; அன்றும் போகாவிட்டால் பெயர் போய்விடும்.

பதினோரு மணிக்குச் செடிகளுக்கு நடுவில் படுத்துவிட்டார். அசந்து தூங்குகிறார் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அப்புறம் எழுப்பினால் எழவில்லை. ஜீப் எடுக்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். அவர் தேயிலை ஏலத்துக்குக் குன்னூர் போயிருந்தார். அவர் வந்து, கையெழுத்தாகி, ஜீப் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அங்கிருந்த டாக்டர் ராமையாவைப் பார்த்து, "ரத்தத்துல விஷம் ஏறிருக்கு. இவ்வளவு நேரம் கழிச்சா கூட்டிட்டு வருவீங்க?" என்று கடிந்துகொண்டாராம்.

ராமையாவை! நேரத்தில்தானே கூட்டிவந்தார் அந்த மனிதர்? என்னிடம்தானே கூட்டிவந்தார்?

ஒரு மாதம் கழித்து ராமையா இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் நான் சொல்லாமலே குழாய்க்குப் போனார். வாயைக் கொப்புளித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

4

செப்சிஸ் என்றால் என்ன என்று பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டார்கள். முழு மதிப்பெண் வாங்கியவள் நான். காற்புள்ளி பிசகாமல் எழுதினேன். எங்கேயோ ஒரு புண்ணில் கிருமி புகுந்து, அதை எதிர்க்கப் போன உடம்பு தன் உறுப்புகளையே அழிக்க ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் சிலருக்குக் காய்ச்சல் ஏறாது, உடம்பு குளிர்ந்துபோகும். புத்தி தடுமாறும். குளிர்ந்து கிடப்பவர் காய்ச்சலில் கொதிப்பவரைவிட மோசமாக இருக்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கதவு சாத்திக்கொண்டே போகும். இதை ஒரு ஆசிரியர்கூட ஒரு நோயாளியின் பக்கத்தில் நிறுத்தி எனக்குக் காட்டவில்லை. மூன்று வருடம் கட்டில் விரிப்பை மூலை மடிக்கச் சொல்லித்தந்தார்கள். அது இன்றும் எனக்குப் பிரமாதமாக வரும்.

எஸ்டேட்டை விட்டு வரும்போது மேனேஜர் ஒரு அனுபவச் சான்றிதழ் கொடுத்தார். "நோய் விடுப்பைத் திறமையாகக் கட்டுப்படுத்தினார்" என்று அதில் ஒரு வரி. அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஏஜென்ட் என்னை வெளிநாட்டுக்குத் தேர்ந்தெடுத்தார். காமாட்சியக்கா செத்தது அதில் இல்லை. அப்படி ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன், சம்பாதித்தேன், வீடு வாங்கினேன். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் எதையும் சொல்லித்தரக் கூடாது.

5

இங்கே வந்த புதிதில் ஒரு படிவத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். செப்சிஸாக இருக்குமோ என்று சரிபார்க்கும் தாள். அதில் ஒரு கேள்வி: வீட்டார் கவலைப்படுகிறார்களா? அவ்வளவுதான். மகனோ மனைவியோ "இவர் இப்படி இருக்கவே மாட்டார்" என்று சொன்னால் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ராமையா சொன்ன அதே சொல்லுக்கு ஒரு நாட்டில் தனியாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் அன்று அந்தச் சொல்லுக்குச் சிரித்தவள். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஆனால் இந்த ஊரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டேன். புதியவர்களுக்கு நான் ஒன்பது வருடமாக எடுத்துவந்த இரண்டு மணி நேர வகுப்பை இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு இருபது நிமிட வீடியோ. கடைசியில் பத்துக் கேள்வி, சரியான கட்டத்தைத் தொட்டால் சான்றிதழ். நான் திட்டிய பெண்ணும் பத்துக்குப் பத்து வாங்கியவள்தான். அவளைத் திட்டியிருக்கக் கூடாது. வீடியோவை வைத்தவர்களைத் திட்டியிருக்க வேண்டும். அவர்கள் ஆபீஸ் எந்த மாடியில் என்றுகூட எனக்குத் தெரியாது.

வகுப்பை நிறுத்தியபோதே, சரி, இங்கே வேண்டாம் என்றால் எங்கள் மலையில் எடுக்கிறேன் என்று கிளம்பினேன். எஸ்டேட் டிஸ்பென்சரிகளில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு. திரையில் காட்ட வேண்டியதை என் மகள் நிலாதான் கம்ப்யூட்டரில் செய்துகொடுத்தாள். பதினாறு வயது. தமிழ் புரியும், பேசக் கூச்சம். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதிசயமாக அன்று தமிழில் கேட்டாள்.

"அம்மா, 'ஒரு எஸ்டேட்டில் ஒரு பெண் கவனிப்பில்லாமல் இறந்தார்'னு போட்டிருக்க. இதுல நீ எங்க இருக்க?"

"உனக்கு அந்த ஊரைப் பத்தி என்னடி தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூட வருகிறாயா என்று கேட்டதற்கு, பரீட்சை இருக்கிறது என்றாள். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது சரி. அன்றே அந்த வரியை அழித்துவிட்டு "நான்" என்று ஆரம்பித்து எழுதினேன்.

6

ஊருக்குப் போனால், வகுப்பு எடுக்க அனுமதி வேண்டுமாம். ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸைக் கை காட்டினார்கள். அங்கே என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைப் புரட்டிய குமாஸ்தா, "நீங்க வெளிநாட்டவருங்க. வெளிநாட்டவர் மருத்துவ வகுப்பு எடுக்கோணும்னா மேலிடத்துல இருந்து வரோணும்" என்றார். அவர் உட்கார்ந்திருந்த கட்டடத்துக்குப் பின்னால் நான் படித்த பள்ளிக்கூடம் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. தோழி ஒருத்தியின் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலைக் கேட்டு வாங்கி, "பழைய நண்பர்கள் சந்திப்பு" என்று பெயர் வைத்து நடத்தினேன்.

எஸ்டேட்டுக்கு ஒருவராகப் பதினோரு பேர் வந்தார்கள். திரையில் படம் ஓட்டினேன். அப்புறம் படத்தை நிறுத்திவிட்டு, குழாய், தெர்மாமீட்டர், என் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த சாந்தி என்ற நர்ஸ் எழுந்தாள். முப்பது வயது இருக்கும்.

"ஏனுங்க சிஸ்டர், இந்தக் கொப்புளிக்கறது எங்க டிஸ்பென்சரியில இன்னும் இருக்குதுங்க. செவுத்துலயே எழுதி வெச்சிருக்குது. தெர்மாமீட்டரை இப்பக் கக்கத்துலதான் வெக்கறோம். ஆனாலும் கொப்புளிச்சுட்டுத்தான் வருவாங்க. யாரு கொண்டாந்த வழக்கமோ தெரியலைங்க."

என் பழைய மேனேஜர் பிற்பாடு மஞ்சூர்ப் பக்கம் மாறிப் போனார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் கொண்டாந்ததுங்க" என்றேன்.

சாந்தி என்னைப் பாவம் பார்க்கவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று தொடர்ந்தாள். "உடம்பு சில்லுனு கெடந்தா ஆபத்துன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. போன்லயே ஆயிரம் வீடியோ வருது. ஆனா எங்க புக்குல ரெண்டே கட்டந்தானுங்க. காய்ச்சல் உண்டு, காய்ச்சல் இல்லை. சில்லுனு கெடக்கறவங்களை எந்தக் கட்டத்துல எழுதறது? எழுதுனா ஜீப்புக்கு யாரு கையெழுத்துப் போடறது? பாடத்தை எங்களுக்கு எடுக்கறீங்க. அந்த புக்கை அச்சடிச்சவருக்கு யாருங்க எடுக்கறது?"

இருபது வருடம் வெளிநாட்டில் படித்ததையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன். மத்தியானம் படம் காட்டுவதை விட்டுவிட்டோம். எல்லோருமாக உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தோம். உடம்பு சில்லிட்டிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் போகிறதா, பேச்சு மாறியிருக்கிறதா, வீட்டார் என்ன சொல்கிறார்கள். இதில் இரண்டு இருந்தால் யார் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் அனுப்பலாம் என்று கீழே ஒரு வரி. அந்த வரிக்கு எஸ்டேட்டுகள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. பதினோரு எஸ்டேட்டுக்கும் கடிதம் எழுதி, நேரிலும் போனேன். காபி கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் காபி நன்றாக இருந்தது. "விலை இருக்கற நெலமையில இதெல்லாம் இப்ப முடியாதுங்க" என்றார்கள். எந்த நிலைமையிலும் அவர்களுக்கு முதலில் முடியாமல் போவது காமாட்சியக்காக்களின் உயிர்தான். பதில் கடிதம் ஒன்றுகூட வராமல் இங்கிலாந்து திரும்பினேன்.

7

போன வாரம் சாந்தி கூப்பிட்டாள். பழனியம்மாள் என்ற தொழிலாளியை மருமகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாளாம். இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது, தெர்மாமீட்டரில் தொண்ணூற்றைந்து சொச்சம். "அத்தை என்னைய யாருன்னு கேக்கறாங்க" என்று மருமகள் அழுதாளாம். ஜீப்புக்குக் கையெழுத்து கேட்டால், காய்ச்சல் இல்லையே என்றார்களாம். சாந்தி ரோட்டில் இறங்கி, பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்து லாரியை மறித்து, பழனியம்மாளை முன்சீட்டில் ஏற்றி, நேராக ஊட்டி ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிவிட்டாள்.

"கொழுந்து வாடிப் போச்சுங்க" என்றாள். "மெமோ குடுத்திருக்காங்க. காய்ச்சல் இல்லாத தொழிலாளியை அனுமதி இல்லாம லாரியில அனுப்பிக் கொழுந்தை வீணாக்குனது ஏன், மூணு நாளைக்குள்ள விளக்கம் குடுக்கோணும்னு."

எனக்குக் கை பரபரத்தது. அன்று லீவு போட்டு உட்கார்ந்து, உலகத்தில் உள்ள வழிகாட்டு நெறிகளையெல்லாம் மேற்கோள் காட்டி, இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் தயாரித்து அனுப்பினேன். எனக்கே படிக்கப் படிக்கத் திருப்தியாக இருந்தது. சாந்தி மறுபடி கூப்பிட்டாள்.

"நல்லா இருக்குதுங்க சிஸ்டர். ஆனா நான் அப்பவே எழுதிக் குடுத்துட்டனுங்க."

"வேலை போயிருமேடி. என்னன்னு எழுதுனே?"

"'பழனியம்மாள் உயிரோடு இருக்கிறார். மேற்கொண்டு விளக்கம் வேண்டுமானால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்'னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுட்டனுங்க."